தண்ணீர் நின்ற தடம்

புத்தளம் மாவட்டத்தின் கரையோரத்தில் மலை கிடையாது. மலைச் சைக்கிளுக்கென்று கட்டிய தடம் மட்டும் இருக்கிறது, மூன்று சுற்று. அதைப் பரிசோதித்து, திறக்கலாமா கூடாதா என்று எழுதிக் கொடுப்பதற்காக ஐப்பசிக் கடைசியில் நான்கு நாள் அங்கே போயிருந்தேன்.

வேலையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்கொட்லாந்தில், காட்டுக்குள் சைக்கிள் தடங்கள் வரைந்து கொடுக்கும் ஒரு சிறிய அலுவலகத்தில் ஆறு வருடமாக இருக்கிறேன். பழகாதவர்களுக்குப் பச்சை, ஓரளவு ஓடத் தெரிந்தவர்களுக்கு நீலம், கைதேர்ந்தவர்களுக்குச் சிவப்பு, எலும்பைப் பற்றிக் கவலைப்படாதவர்களுக்குக் கறுப்பு. ஒவ்வொரு நிறத்துக்கும் அகலம், சரிவு, வளைவு என்று எல்லாவற்றுக்கும் அளவு உண்டு. நான் பிறந்தது ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில். இலங்கையில் பிறந்துவிட்டு இலங்கைக்கே வெளிநாட்டு நிபுணராக வந்து இறங்குவது சங்கடமான காரியம். அதற்கு முன் புத்தளம் பக்கம் நான் வந்ததே இல்லை.

கல்பிட்டிக் கடலில் பெரிய பட்டத்தைப் பிடித்துக்கொண்டு சறுக்க வரும் வெள்ளைக்காரர்களுக்குக் காற்று விழும் மாதங்களில் செய்ய ஒன்றுமில்லை. அவர்களுக்காகக் கொழும்புக் கம்பனி ஒன்று, குறிஞ்சிப்பிட்டிக்கு அப்பால் சவுக்கும் பற்றையும் மணல்மேடுமாகக் கிடந்த காணியை எடுத்துத் தடம் போட்டிருந்தது. வரைபடம் எங்கள் அலுவலகத்திலிருந்து போனது. வரைந்தது நான்.

முதல் நாள். புத்தளத்தில் பஸ் ஏறும்போது என்னிடம் இருந்தவை: முதுகுப்பை ஒன்று, தலைக்கவசம், முழங்கால் கவசம் ஒரு சோடி, ஐம்பது மீற்றர் நாடா, அடையாளக் கொடிகள் ஒரு கட்டு, சவர்க்காரக் கட்டி அளவில் ஒரு சாய்வுமானி. நிலத்தில் வைத்தால் அது எந்தப் பக்கம் எவ்வளவு சரிந்திருக்கிறது என்று இலக்கத்தில் காட்டும். கொண்டக்டர் முழங்கால் கவசத்தைத் தூக்கிப் பார்த்தார். "மிஸ் கிரிக்கெட்டா?"

"இல்லை, சைக்கிள்."

"சைக்கிள் ஓடவா இதெல்லாம்?" என்று சொல்லிவிட்டு, இரக்கத்தோடு எனக்கு யன்னல் ஓர இடம் பிடித்துத் தந்தார். பின் இருக்கையில் இரண்டு பெண்கள் சிங்களத்தில் கதைத்துக்கொண்டு வந்தார்கள். "விழுந்து விழுந்து பழகுகிறவள் போல." "கலியாணம் முடிந்தால் சரியாகிவிடும்." தோட்டத்துப் பிள்ளைக்குச் சிங்களம் விளங்கும் என்று நான் திரும்பிச் சொல்லவில்லை.

வழியெல்லாம் வெங்காயப் பாத்தி, மிளகாய், தென்னை. எங்கே திரும்பினாலும் நுரைச்சோலை மின்நிலையத்தின் புகைபோக்கி மட்டும் இடத்தை விட்டு அசையாமல் நின்றது. வானம் காலையிலிருந்தே ஈயப் பாத்திரத்தின் அடி மாதிரி இருந்தது. ஒரு துளி விழவில்லை.

சந்தியில் கம்பனி ஏற்பாடு செய்த திரீவீலோடு ரொஷான் காத்திருந்தார். முப்பது வயதிருக்கும், கரையோரத்து மீன்பிடிக் குடும்பம், கண்ணாடிக்கு மேலே மாதா படம். அரை மைலில் வண்டி மணலில் புதைந்தது. நான் தள்ள, அவர் முறுக்க, இன்னும் புதைந்தது. ஐந்தாறு கழுதைகள் வந்து வட்டமாக நின்றன. இந்தப் பக்கத்தில் கழுதைகள் உரிமையாளர் இல்லாமல் திரிகின்றன.

"பாருங்க மிஸ், எங்கட ஊர் இன்ஸ்பெக்டர்மார்" என்றார் ரொஷான். "ஒரு வேலையும் செய்யாதுகள். நிண்டு பாத்திட்டுப் போகும்."

நான் என்ன வேலைக்கு வந்திருக்கிறேன் என்று அவருக்கு அப்போது தெரியாது. தெரிந்தபின் மூன்று தரம் மன்னிப்புக் கேட்டார்.

காணிக்குள் வந்ததும் நான் எதிர்பார்த்தது ஒன்று, இருந்தது வேறு. மணல்மேட்டில் தடம் போடுவது லேசில்லை. மண் பிடிக்காது. மழை இல்லாவிட்டால் பறந்துவிடும். ஆனால் சவுக்கு மரங்களுக்கு இடையில் சிமெந்துத் தரைபோல ஒரு பாதை வளைந்து வளைந்து போனது. களப்புக் களிமண்ணும் கிரவல் சரளையும் கலந்து, மிதித்து, அடித்து இறுக்கியிருந்தார்கள். இரண்டு ஓரத்திலும் கையளவு உயரத்தில் வரம்பு. அதில் ஒரு வெடிப்புக்கூட இல்லை.

கட்டியவர்கள் பதினொரு பேர். ஒன்பது பெண்கள், இரண்டு ஆண்கள். எல்லோரும் உப்பளத்து ஆட்கள். தலைவி ஹாஜரா ராத்தா; அக்காவை இங்கே ராத்தா என்பார்கள். முப்பத்தைந்து வயது, வேகமான நடை. தொண்ணூறில் புலிகளால் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்த முஸ்லிம் குடும்பம். அப்போது அவர் கைப்பிள்ளை. புத்தளத்தைத் தவிர வேறெதுவும் நினைவில்லை என்றார். கம்பனி மனேஜர் சமன், அவர்களுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். தடம் பரிசோதனையில் தேறினால் பதினொரு பேருக்கும் அங்கேயே வருடம் முழுக்கப் பராமரிப்பு வேலை. அதை நம்பி இந்த முறை உப்பு வாரும் பருவத்தை விட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

"ஓடிப் பாருங்க மிஸ்" என்றார் ராத்தா. "நாங்க இத நடந்துதான் பாத்திரிக்கிறம். எங்கள்ல ஒருத்தருக்கும் சைக்கிள் ஓடத் தெரியாது."

ஓடினேன். கம்பனி வாங்கி வைத்திருந்த மலைச் சைக்கிள். இவ்வளவு மெதுவான சத்தத்தோடு டயர் உருண்ட தடத்தில் அதுவரை நான் ஓடியதில்லை. நீலத்தில் மேட்டிலிருந்து இறங்கி வளைவுக்குள் புகும்போது கடல் ஒரு கணம் தெரிந்து மறைந்தது. சிவப்பில் இரண்டு இடத்தில் சக்கரம் நிலத்தை விட்டது. திரும்பி வந்து இறங்கியபோது நான் சிரித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

பிறகு சாய்வுமானியை எடுத்து, பாதைக்குக் குறுக்கே நிலத்தில் வைத்தேன். பூச்சியம். பத்து மீற்றர் தள்ளி வைத்தேன். பூச்சியம். நாற்பது இடத்தில் வைத்தேன். முப்பத்தாறில் பூச்சியம்.

சைக்கிள் தடம் குறுக்கே மட்டமாக இருக்கக் கூடாது. நூற்றுக்கு நாலு என்ற அளவில் ஒரு பக்கம் சரிய வேண்டும். மழைத் தண்ணீர் அதன் வழியே இறங்கிப் போக வேண்டும். ஸ்கொட்லாந்தில் எந்நாளும் மழை. அங்கே தடம் போடுகிறவனுக்கு முதல் எண்ணமும் கடைசி எண்ணமும் தண்ணீரை வெளியே அனுப்புவதுதான். எங்கள் தோட்டத்திலும் அப்படித்தான். கன்று நடுமுன் தண்ணீர் போகக் காண் வெட்டுவார்கள். இங்கே என் முன்னால் இருந்தது ஒரு மயிரிழை பிசகாமல் மட்டம் பார்த்த தரை. உப்புப் பாத்தியின் தரை.

"எப்பிடி இரிக்கி மிஸ்?"

"ஓடுவதற்கு மிக நன்றாக இருக்கிறது" என்றேன். அது உண்மை.

முதல் நாள் அறிக்கையை அன்றைக்கே அனுப்ப வேண்டும் என்பது எங்கள் அலுவலகத்து விதி. பின்னேரம் தங்குமிடத்தில் பிளேன்டீயோடு கதிரையில் உட்கார்ந்து போனில் படிவத்தை நிரப்பினேன். முடிவு: தேறவில்லை. குறை: குறுக்குச் சரிவு இல்லை. காரணம் என்ற இடத்தில் மூன்று கட்டம்: வரைபடம், பொருள், வேலைத்திறன். வரைபடத்தில் நாலு என்று நான் போட்டிருக்கிறேன். நிலத்தில் பூச்சியம் இருக்கிறது. மூன்றாவது கட்டத்தைத் தொட்டேன். ஒரு பிரதி அலுவலகத்துக்கு, ஒரு பிரதி கொழும்புக் கம்பனிக்கு. இரவுச் சாப்பாடு பாண், பருப்பு, தேங்காய்ச் சம்பல். சம்பலில் மாசிக் கருவாடு தாராளமாக இருந்தது. நன்றாகச் சாப்பிட்டேன்.

இரண்டாம் நாள். பச்சைச் சுற்றை, சைக்கிள் பழக்கமில்லாத ஒருவரை விட்டு ஓடவைத்துப் பார்க்க வேண்டும். அதுவும் விதி. ரொஷான் அகப்பட்டார். பள்ளிக்கூடம் விட்டபின் சைக்கிளைத் தொடவில்லையாம். தலைக்கவசத்தை மாட்டிவிட்டதும் கையெடுத்து நெஞ்சில் சிலுவை போட்டார். அறுநூறு மீற்றரை ஓடி முடிக்கப் பதினாலு நிமிடம் எடுத்தார்; அதில் நாலு நிமிடம் இறங்கி நின்று யாரோடோ போனில் கதைத்தது.

"மிஸ், ஒண்டு கேக்கட்டா? இதுக்கு வெளிநாட்டில இருந்து பிளேன் ஏறி வருவாங்களா?"

"வருவார்கள்."

"எங்கட அம்மா சந்தைக்குப் போற பாதையில விட்டா சும்மாவே குலுக்கும்."

பெண்களில் ஒருத்தி, "ரொஷான் மகனே, ஒண்ட ஓட்டத்துக்கு எங்கட ஆடு முந்திப் போயிருக்கும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

மிச்ச நேரம் அளவு எடுத்தேன். நாடாவின் மறுமுனையை ஹாஜரா ராத்தா பிடித்துக்கொண்டார். செருப்பில்லாமல் நடந்தார். ஓரிடத்தில் நின்று, காலால் நிலத்தைத் தடவி, "இந்த இடம் கொஞ்சம் மேடு" என்றார். வைத்துப் பார்த்தேன். பூச்சியம் புள்ளி மூன்று. ஸ்கொட்லாந்தில் கருவி இல்லாமல் அதைச் சொல்லக்கூடிய ஒருவரையும் நான் கண்டதில்லை. அதை அவரிடம் சொல்லவுமில்லை.

பகல் சாப்பாடு அவர் வீட்டில். மறுக்க விடவில்லை. சிவப்பரிசிச் சோறு, நண்டுக் கறி, கத்தரிக்காய் பொரியல், முருங்கையிலைச் சுண்டல். நண்டை உடைக்கத் தெரியாமல் நான் தடுமாறியதைப் பார்த்து, அவரே உடைத்து என் கோப்பையில் போட்டார். "மலநாட்டுப் பிள்ள. நண்ட எங்க கண்டது. திண்ணுங்க தங்கச்சி." காலையில் மிஸ்ஸாக இருந்தவள் சோற்றுக்கு முன்னால் தங்கச்சியாகிவிட்டேன்.

வேலை எப்படிச் செய்தோம் என்று சொன்னார். தண்ணீர் நிரப்பிய நீளக் குழாயின் இரண்டு முனையையும் இரண்டு ஓரத்தில் பிடித்து, இரண்டிலும் தண்ணீர் ஒரே உயரத்துக்கு வரும்வரை மண்ணை அள்ளியும் போட்டும் மட்டம் எடுத்தார்களாம். உப்பளத்தில் அப்படித்தான். ஒரு விரல் சரிந்தாலும் பாத்தியின் ஒரு மூலையில் உப்பு விளையும், மறு மூலையில் சேறு கிடக்கும். "பாத்தி போடுற எங்களுக்கு இது பெரிய வேல இல்ல. ஒரு கேத்தல் தண்ணிய நடுவுல ஊத்தினா எந்தப் பக்கமும் ஓடாது. அப்பிடிப் போட்டிரிக்கிறம்."

அலுமாரிக்குப் பக்கத்தில் சுவரில் என் வரைபடம் தொங்கியது. பிளாஸ்டிக் உறை போட்டு, நான்கு மூலையிலும் ஆணி. மூலையில் என் பெயரின் முதலெழுத்துகள். எழுந்து போய்ப் பார்த்தேன். என் கணினித் திரையில் அது ஒரு மேசை அகலம். பெரிதாக்கிப் பார்த்து வரைந்தேன். இங்கே அது ஒரு கடதாசி. குறுக்குவெட்டுப் படத்தில் ஒரு மீற்றர் அகலத் தடத்துக்கு நான் கொடுத்த நாலு சென்றிமீற்றர் சரிவு, அந்தக் கடதாசியில் கோட்டின் தடிப்பைவிடக் குறைவு. பார்க்கிற கண்ணுக்கு அது மட்டம். பக்கத்தில் எறும்பளவில் ஒரு நாலு, ஒரு நூற்றுவீதக் குறி.

"இந்தக் குறி என்ன எண்டு எங்களுக்கு விளங்கல்ல" என்றார் ராத்தா, என் பின்னால் நின்று. "மனேஜரும் தெரியா எண்டார். மத்த அளவெல்லாம் பாத்துப் பாத்துச் செஞ்சம்."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வேண்டியவை மூன்று: தடம் தேறவில்லை, அதை நேற்றே எழுதி அனுப்பிவிட்டேன், காரணம் பிழையாகப் போட்டுவிட்டேன். வரிசைகூட மனதில் சரியாக இருந்தது. கை கழுவத் தண்ணீர் கொண்டுவந்தார். நாளைக்குப் படிவத்தைத் திருத்திவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். திருத்திய பிறகு சொன்னால் கேட்பவருக்கும் லேசாக இருக்கும் என்று எனக்கு நானே காரணம் சொன்னேன். யாருக்கு லேசு என்று இப்போது யோசிக்கிறேன்.

மூன்றாம் நாள் விடிகாலையில் மழை தொடங்கியது. தகரத்தில் கல் கொட்டியது போல மூன்று மணித்தியாலம். ரொஷானின் வண்டி சந்தியைத் தாண்டவில்லை. கடைசி மைலை நடந்தேன். கழுதைகள் ஒரு மூடிய கடையின் தாழ்வாரத்தில் நெருக்கியடித்து நின்றன.

நான் போய்ச் சேர்ந்தபோது பதினொரு பேரும் பச்சைச் சுற்றின் தொடக்கத்தில் நின்றார்கள். சவுக்கு மரங்களுக்கு இடையில் தடம் இருந்த இடமெல்லாம் தண்ணீர். பக்கத்து மணல் தண்ணீரைக் குடித்து ஏற்கெனவே வெளுத்துவிட்டது. தடத்தில் மட்டும், இரண்டு வரம்புக்கும் நடுவில், விளிம்பிலிருந்து விளிம்புக்கு ஒரே ஆழத்தில், அசையாமல், வானத்தின் நிறத்தில் நின்றது. மேட்டில் விழுந்ததும் இறங்கி வந்து பள்ளத்தில் சேர்ந்திருந்தது. ஒரு சொட்டு வெளியே போகவில்லை.

ஈரத்திலும் ஓடிப் பார்க்க வேண்டும் என்று விதி. ஓடினேன். இரண்டாவது வளைவில், களியில் முன் சக்கரம் வழுக்கி, முழங்கையோடு விழுந்தேன். பழகாதவர்களுக்கான சுற்று அது. ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஒரு பெண் முந்தானையால் என் கையைத் துடைத்துவிட்டாள்.

அப்போதுதான் சமன் குடையோடு வந்தார். பொல்லாத மனிதர் இல்லை. இரண்டு நாளாகத் தூங்காதவர் போல இருந்தார். போனைப் பார்த்துக்கொண்டே சிங்களத்தில் சொன்னார்: "மிஸ், உங்கள் முந்தாநாள் அறிக்கையைக் கொழும்பில் பார்த்துவிட்டார்கள். வேலை தெரியாத ஆட்களை வைத்ததாக எனக்குப் பேச்சு. முழுவதையும் கிண்டித் திரும்பப் போட சிலாபத்திலிருந்து கொந்தராத்துக்காரர் வருகிறார். நாளைக்கு மண் கிண்டும் பெக்கோ இயந்திரம் வந்துவிடும்."

ராத்தாவுக்கு என்னைவிட நன்றாகச் சிங்களம் தெரியும். மொழிபெயர்க்க ஒன்றுமில்லை.

"முந்தாநாளே எழுதியாச்சா?" என்று என்னைக் கேட்டார்.

"ஓம், ராத்தா."

"அந்தச் சின்னப் பெட்டிய நிலத்துல வெச்சிப் பாத்தீங்களே. அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"நேத்து எங்கட வீட்டுல சோறு திண்டீங்க." குறை சொல்லும் குரல் இல்லை அது, நாட்களை ஒழுங்குபடுத்திக்கொள்கிற குரல். "அப்பயும் தெரியும்."

"ஓம்."

வரம்பைக் காலால் தொட்டுக் காட்டினார். "செல்லியிருந்தா நேத்துப் பகலே வரம்புல வாய் வெட்டிச் சரிச்சிரிப்பம். மழைக்கி முந்தி. உப்பு வெளயிற நேரம் மழை வந்தா நாங்க செய்யிறது அதுதானே மிஸ். எங்களுக்குத் தண்ணிய நிப்பாட்டவும் தெரியும், அனுப்பவும் தெரியும். எது வேணும் எண்டு ஒருத்தர் செல்லணும்."

நான் மன்னிப்புக் கேட்டேன். "செரி மிஸ்" என்றார்.

அங்கேயே, சவுக்கு மரத்தடியில் நின்று, ஈரக் கையோடு படிவத்தைத் திறந்து, மூன்றாவது கட்டத்தை நீக்கி முதலாவதைத் தொட்டேன். கீழே எழுதினேன்: வரைபடத்தில் சரிவு கண்ணுக்குத் தெரியும்படி காட்டப்படவில்லை, பிழை வரைந்தவருடையது, தடத்தைத் திரும்பப் போடத் தேவையில்லை, கட்டியவர்களாலேயே திருத்தலாம். அனுப்பிவிட்டுச் சமனிடமும் சொன்னேன். "எழுதியது நல்லது மிஸ்" என்றார். "ஆனால் பெக்கோ லொறி புறப்பட்டுவிட்டது."

ராத்தா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பச்சைச் சுற்றின் முதல் வரம்பில் ஒரு வாய் வெட்டினார். தண்ணீர் மணலுக்குள் இறங்கியது. மற்றவர்களும் எடுத்தார்கள். அன்றைக்கு முழுவதும் வரம்பை வெட்டி, தரையைச் சீவி, சரித்து, மிதித்தார்கள். நான் சாய்வுமானியை வைத்து இலக்கத்தைச் சொன்னேன். "மூன்று." "இன்னும் கொஞ்சம் சீவு புள்ள." "நாலு." பிறகு இலக்கம் கேட்பதை ராத்தா நிறுத்திவிட்டார், காலுக்குத் தெரிந்துவிட்டது. மத்தியானம் பாணும் வாழைப்பழமும் வந்தன. எனக்கும் தந்தார்கள். யாரும் என்னைத் தங்கச்சி என்று சொல்லவில்லை.

நான்காம் நாள் காலை பச்சைச் சுற்றை முழுவதும் அளந்தேன். நாற்பது இடத்தில் முப்பத்தொன்பது சரி. திருத்திய அறிக்கைக்கு எங்கள் அலுவலகம் பதில் போட்டிருந்தது: கிடைத்தது, கவனத்தில் எடுத்தோம், வரைபடம் பற்றித் திரும்பி வந்ததும் பேசுவோம். கொழும்பிலிருந்து வந்த பதில் சமனுக்கு. பச்சைச் சுற்றை அப்படியே திறக்கலாம். நீலமும் சிவப்பும் கொந்தராத்துக்காரருக்கு. பராமரிப்பும் அவருடைய ஆட்களே. எனக்கு அதைச் சொல்லும்போது சமன் என் முகத்தைப் பார்க்கவில்லை. பத்து மணிக்கு மஞ்சள் பெக்கோவை ஏற்றிய லொறி மணலில் புதைந்து புதைந்து வாசலுக்கு வந்து நின்றது.

நான் கிளம்பும்போது ஹாஜரா ராத்தா வாசலில் அந்த மட்டக் குழாயிலிருந்த தண்ணீரை வெளியே ஊற்றிவிட்டு, அதைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டிருந்தார்.

"உப்பளத்தில் திரும்ப எடுப்பார்களா ராத்தா?"

"கேட்டுப் பாக்கணும். நாங்க உட்டிட்டு வந்த எடத்துக்கு வேற ஆள் வந்திரிக்கும்." குழாயை ஒருமுறை இழுத்துச் சரிசெய்தார். "கெடச்சா நல்லம் மிஸ். அங்க தண்ணி நிண்டா எங்கள ஒருத்தரும் குத்தம் செல்ல மாட்டாங்க."

திரும்பும் பஸ்ஸில் முழங்கால் கவசத்தை யாரும் விசாரிக்கவில்லை. பாலாவியைத் தாண்டும்போது பாதையோரத்தில் உப்பளம் வந்தது. மழைத் தண்ணீர் பாத்தி பாத்தியாக நின்றது. வேலையாட்கள் இல்லை. கடைசிப் பாத்தி மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றிலும் விளிம்பிலிருந்து விளிம்புக்கு ஒரே உயரம்.